வரைபடம் யாருடைய உடைமை?

(நாராயணவனத்தில் நடைபெற்ற கட்சிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடு அங்குதான் தொடங்கியது. சங்கிலியும் கருவிகளும் சுமந்து நடந்தவர்கள் இந்நாட்டு உழைப்பாளிகள். வரைபடமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமை ஆயிற்று.

அந்த உறவு இன்றும் அழியவில்லை. வடிவம் மட்டுமே மாறியுள்ளது. திறன்பேசியை வாங்கும்போதே கூகுள் மேப்ஸ் அதனுள் அமர்ந்திருக்கிறது. இது தற்செயல் அன்று. தன் செயலித் தொகுப்பு முழுவதையும் முன்கூட்டியே நிறுவுமாறு பேசித் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அத்தொகையை உறுதிசெய்தது.

சாலை நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு எங்கிருந்து வருகிறது? அச்சாலையில் செல்வோரின் பேசிகள் அனுப்பும் இருப்பிடத் தகவலிலிருந்தே வருகிறது. பயனாளரே கூலியில்லா அளவையாளர். இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டதாக நம்பியவர்களையும் பின்தொடர்ந்ததாக எழுந்த வழக்கில், 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது.

மாற்று உண்டு. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் வரையும் பொது வரைபடம். அதன்மீது இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் ஆகிய செயலிகளில் தேவையான பகுதியை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். கணக்குத் தொடங்காமல், இணையம் இல்லாமலும் வழி காட்டும். 2015 சென்னைப் பெருவெள்ளத்தில் நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறித்தது இந்தப் பொது வரைபடத்தின் மீதுதான்.

குறைகளையும் மறைக்கலாகாது. நெரிசல் நிலவரம் அதில் கிடைப்பதில்லை. சிற்றூர்களில் தெருக்களும் கடைகளும் பல விடுபட்டிருக்கும். ஆனால் இக்குறை ஊராரின் கையால் தீரக்கூடியது. நாராயணவனத்தின் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலை எந்த நிறுவனமும் மறவாது குறிக்கும். யாத்திரிகர் வருகையில் சந்தை இருக்கிறது. தறி ஓடும் சந்தும், நியாயவிலைக் கடையும், குடிநீர்க் குழாயும், காலனிக்குச் செல்லும் மண்பாதையும் யாருக்குச் சந்தை? அவற்றைக் குறிக்க வேண்டியவர் அங்கே வாழ்பவரே. ஓர் இடத்திற்குத் தெலுங்குப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அருகருகே பதிய அதில் இடமுண்டு; இந்த எல்லைப் பகுதிக்கு இது சிறிய செய்தி அன்று.

செயலியை மாற்றுவதால் மட்டும் ஏகபோகம் வீழ்ந்துவிடாது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடத் தரவு விதிகளைத் தளர்த்தியபோது முந்திக்கொண்டு பயனடையும் நிலையில் இருந்தவை தனியார் நிறுவனங்களே. மக்கள் வரிப்பணத்தில் திரட்டப்பட்ட அளவைத் தரவுகள் மக்களுக்கே கட்டணமின்றித் திறக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் உடன் எழ வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கிளைக்கு இரண்டு இளைஞர்கள், வாரத்திற்கு ஒரு தெரு. பணி இங்கிருந்தே தொடங்கலாம்.