'போதும்' என்னும் பொத்தான்



பழம்பொருள்களை எண்ணி ஏங்குவது முதியோர்க்கே உரியது என்பர். குமிழைத் திருகி இயக்கிய தொலைக்காட்சிப் பெட்டியையும் அதன் முதல் றிமோட்டையும் நாம் கையாண்டவரல்லோம். ஆயினும் அவற்றின் வரலாற்றைப் படிக்குங்கால் எமக்கும் ஓர் ஏக்கம் உண்டாகின்றது. அதன் காரணத்தையே இன்று சொல்ல விழைகின்றோம்.

அமெரிக்காவிலே தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்தில், அலைவரிசையை மாற்ற விரும்புவோர் எழுந்து சென்று பெட்டியின் குமிழைத் திருகவேண்டியிருந்தது. சிக்காகோவிலிருந்த செனித் கம்பனியின் தலைவர் யூஜீன் மக்டொனால்ட், நிகழ்ச்சிகளுக்கிடையே வரும் விளம்பரங்களை அறவே வெறுத்தவர். இருந்த இடத்திலிருந்தே அவற்றை அடக்க வழிகாணுமாறு தம் பொறியியலாளரைத் தூண்டினார். 1950 இல் வந்த முதற் கருவிக்குச் சோம்பேறி என்று பொருள்படும் 'லேசி போன்ஸ்' என்பது பெயர். அது நீண்ட வயரினாற் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது. நடப்போரின் கால்களை அவ்வயர் தடுக்கிற்று.

1955 இல் யூஜீன் பொலி என்பார் வயரை ஒழித்தார். கைத்துப்பாக்கி போன்ற விளக்கொன்றினால், திரையின் நான்கு மூலைகளிலுமுள்ள ஒளியுணர் கலங்களைக் குறிபார்த்து ஒளி பாய்ச்சவேண்டும். விளம்பரம் வந்ததும் படத்தை விட்டுச் சத்தத்தை மட்டும் அடக்கவும் முடிந்தது. ஆனால் வெயில் பட்டாலும் அலைவரிசை தானே மாறியது!

அடுத்த ஆண்டு, வியன்னாவிலே பிறந்த றொபேட் அட்லர் வகுத்த முறை வெளிவந்தது. வானொலி அலையோ சுவரை ஊடுருவி அயல்வீட்டுப் பெட்டியையும் மாற்றிவிடும். பற்றறி தீர்ந்தால், பெட்டியே பழுதென்று மக்கள் எண்ணுவர் என விற்பனையாளர் அஞ்சினர். ஆகவே அவர் ஒலியை நாடினார். கருவியினுள் நான்கு அலுமினியக் கோல்கள். பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியலொன்று ஒரு கோலைத் தட்டும்; மனிதச் செவிக்கு எட்டாத ஒலி எழும்; பெட்டி அதனை உணர்ந்து பணியும். பற்றறி வேண்டியதில்லை. வீட்டாருக்குக் கேட்டது பொத்தானின் 'கிளிக்' என்னும் சத்தமே. பெட்டியில் மேலதிகமாக ஆறு வால்வுகள் வேண்டியிருந்தமையால் விலை ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியது. எனினும் 1980களின் தொடக்கத்திற் செங்கீழ்க்கதிர் றிமோட் இடம்பிடிக்கும்வரை, கால் நூற்றாண்டு அம்முறையே நிலைத்தது.

அன்பர்களே, இக்கருவி மனிதன் கையில் வைத்த உரிமை யாது? கூடத்துள் வந்து பேசும் குரலை நோக்கிப் 'போதும்' என்று சொல்லும் உரிமை. எம் ஏக்கம் அதன் பொருட்டே. இன்று எம் கையிலுள்ள தொலைபேசியில், ஒரு காட்சி முடியுமுன்னே மற்றொன்று கேளாமலே வந்து நிற்கின்றது. நிறுத்தும் பொத்தான் அதிலும் உண்டு. அதனைத் தேடும் மனமே குறைந்துவிட்டது.

இருந்தபடியே அலைவரிசை தாவும் பழக்கத்துக்கு வித்திட்டதும் அந்த றிமோட்டுத்தானே என்று பெரியோர் கேட்கலாம். அதனை நாம் மறுக்கோம். ஒரே கருவி தாவவும் உதவிற்று, அடக்கவும் உதவிற்று. எதற்குப் பயன்படுத்துவது என்பது விரலுக்குரியவரின் பொறுப்பு.

ஆகவே இளைஞர்களே, உண்ணும் வேளையிலும் படிக்கும் வேளையிலுமேனும் அப்பொத்தானை அழுத்தப் பழகுவோம். பெரியோர்களும் தத்தம் தொலைபேசிகளை வைத்துவிட்டு எம்மோடு சேர்ந்துகொள்வார்களாக!