“யோசியாதேங்கோ” என்று சொன்னால் போதுமா?

(எமது சங்கத்தின் மாதர் பிரிவு லண்டனில் நடத்திய ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



மார்பிலே ஒரு கட்டி தட்டுப்பட்டால், முடிவு தெரியும்வரை மனதை எப்படிச் சமாளிப்பது என்று பேசும்படி மாதர் பிரிவினர் கேட்டார்கள். நான் வைத்தியர் அல்ல. அந்த நாட்களை நானும் கடந்து வந்தவள் என்ற ஒரே தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் ஊர்ப் பேச்சிலே கவலைக்கு “யோசனை” என்று ஒரு சொல் இருக்கிறது. யாருக்காவது கவலை என்றால் உடனே “யோசியாதேங்கோ, ஒண்டும் இராது” என்போம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்டவள் அதோடு வாயை மூடிவிடுவாள். பகலில் மூடின வாய், இரவு இரண்டு மணிக்குத் தலைக்குள்ளே பேசத் தொடங்கும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஊரிலே இந்த நோயின் பெயரையே சொல்லமாட்டினம். “மகரகமைக்குக் கொண்டு போட்டினமாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவினம். 1990க்குப் பிறகு பாதை பூட்டின காலத்தில், கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புப் பக்கம் போய்த்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. பலர் கடைசிக் கட்டத்திலேதான் போனார்கள். நாங்கள் கண்ட முடிவுகளும் அப்படியே இருந்தன. இன்று ஊரிலும் நிலைமை வேறு. தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆனால் எங்கள் மனதில் இருப்பது அந்தப் பழைய படம். ஆகவே கட்டி என்றதும் மனம் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

உண்மை என்னவென்றால், மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர் நிரம்பின கட்டியாக இருக்கலாம். இளம் பெண்களுக்கு வருகிற, விரலுக்கு அங்கும் இங்கும் நழுவுகிற உருண்டைக் கட்டியாக இருக்கலாம். மாதவிடாய்க்கு முன்னர் வரும் தடிப்பாகவும் இருக்கலாம். இங்கே மார்பகக் கிளினிக்குக்கு அனுப்பப்படுகிற பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு “அப்ப நான் போகத் தேவையில்லை” என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. எது எது என்று விரலால் தடவிப் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. “நோகேல்லை, அதனாலே பயமில்லை” என்று சொல்லுகிற அம்மாமாரும் இருக்கினம். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் நோகாது. கட்டி மட்டுமல்ல, கமக்கட்டுக்குள் தடிப்பு, தோலில் குழி, முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபடுதல், அதிலிருந்து இரத்தம் கசிதல், இவை எதுவாக இருந்தாலும் ஜீபியிடம் சொல்லவேண்டும்.

பயத்தில் பாதி, என்ன நடக்கப் போகுது என்று தெரியாததாலே வருவது. ஆகவே நடப்பதைச் சொல்கிறேன். ஜீபி சோதித்துப் பார்த்துக் கிளினிக்குக்கு எழுதுவார். “பெண் வைத்தியர் வேணும்” என்று கேட்கலாம். பக்கத்தில் ஒரு பெண் நேர்ஸ் நிற்கவேண்டும் என்றும் கேட்கலாம். கிளினிக்கில் முதலில் கையால் பார்ப்பார்கள். பிறகு மமோகிராம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை அமத்திப் படம் எடுப்பார்கள். கொஞ்சம் நோகும், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் சில செக்கன்கள்தான். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான்தான் செய்வார்கள். தேவை என்றால் விறைக்கப் பண்ணிவிட்டு ஊசியால் சிறு துண்டு எடுப்பார்கள். அதுதான் பயொப்ஸி. “ஊசி குத்தினால் பரவிவிடும்” என்று எங்கள் சனத்திடையே ஒரு கதை உலாவுகிறது. அதை நம்பி ஒருவரும் பயொப்ஸியை மறுக்கவேண்டாம்.

இங்கிலாந்தில் முன்பு, இரண்டு கிழமைக்குள் கிளினிக்கில் பார்க்கவேண்டும் என்று விதி இருந்தது. 2023 ஒக்டோபரில் அது மாறியது. இப்போது, ஜீபி அவசரமாக எழுதின நாளில் இருந்து 28 நாட்களுக்குள் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்லவேண்டும் என்பதே இலக்கு. எல்லாருக்கும் அப்படி நடந்துவிடுகிறது என்றில்லை. நாள் கடந்தால் ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இனி அந்த நாட்களைப் பற்றி. நாங்கள் காத்திருந்து பழகின சனம். காணாமல் போனவர்களுக்காகக் காத்திருந்தோம். ஹோம் ஒபிசின் கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தோம். எந்தக் காத்திருப்பு வந்தாலும் அந்தப் பழைய காத்திருப்புகள் எல்லாம் கூட எழும்பி வரும். எனக்கும் வந்தன. கட்டிக்காகப் படுத்தவள், ஊர் நினைவிலே விழித்துக் கிடந்தேன். அது பைத்தியம் அல்ல. ஆனால் இந்தக் காத்திருப்புக்கு ஒரு திகதி இருக்கிறது. அந்தத் திகதியைக் கலண்டரில் எழுதி, சமையலறையிலே தொங்கவிட்டேன்.

எனக்கு உதவின சில விஷயங்களைச் சொல்கிறேன். கட்டியை நாளுக்குப் பத்துத் தரம் அமத்திப் பார்க்கிறதை விட்டேன். அமத்த அமத்த நோகும், நோக நோகப் பயம் கூடும். இரவிலே போனில் தேடிப் பார்க்கிறதையும் விட்டேன். மனதில் வந்த கேள்விகளைத் தமிழிலேயே ஒரு கொப்பியில் எழுதினேன். எழுதின கேள்வி திரும்பத் திரும்ப வந்து எழுப்பாது. வேலைக்குப் போனேன், சமைத்தேன், நித்திரை வராத நேரம் எழும்பி இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

எல்லாவற்றையும்விட, ஒரு ஆளிடம் சொன்னேன். ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை. “மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்திலே வெளியிலே தெரிந்தால் என்ன சொல்லுவினம்” என்ற பயமும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆளாவது வேண்டும். நான் என் மச்சாளிடம் சொன்னேன். அவள் “யோசியாதை” என்று சொல்லவில்லை. “எத்தினை மணிக்கு அப்பொயின்ற்மென்ற்? நானும் வாறன்” என்றாள். அன்றிரவுதான் நான் நித்திரை கொண்டேன். எனக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி. ஊசியால் நீரை எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

என் சிநேகிதி ஒருத்திக்கு முடிவு அப்படி வரவில்லை. அவளைப் பற்றி அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறேன். சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டது. ஒப்பரேசனும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, இன்று எங்களில் ஒருத்தியாக வேலைக்கும் போய் வருகிறாள். “முடிவு தெரிஞ்ச நாளைவிட, தெரியாத நாட்கள்தான் கஷ்டம்” என்பாள்.

இன்னொரு முக்கியமான விஷயம். மொழி தெரியாது என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தாயிடம் “கான்சராக இருக்கலாமாம்” என்று மொழிபெயர்க்கக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே சொல்லுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கும், விண்ணப்பம் இன்னும் தீராமல் இருப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரி வைத்தியமும் இலவசம். ஆங்கிலம் ஓரளவு பேசுகிறவர்கள், “பிறெஸ்ற் கான்சர் நவ்” என்ற நிறுவனத்தின் 0808 800 6000 என்ற இலவச இலக்கத்தில் நேர்ஸ்மாருடன் கதைக்கலாம்.

50 வயதிலிருந்து 71 வயதுவரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மமோகிராமுக்குக் கடிதம் வரும். 1988இல் தொடங்கின திட்டம் இது. கரண்ட் பில்லோடு சேர்த்து அந்தக் கடிதத்தையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிடாதேங்கோ. 71 கடந்த அம்மாமாரும் தாங்களாகவே கேட்டுச் செய்துகொள்ளலாம். கட்டி தட்டுப்பட்டால் மட்டும் கடிதம் வரட்டும் என்று இருக்கக்கூடாது. உடனே ஜீபி.

அண்ணாமாருக்கும் ஒரு சொல். இந்த நோய் அரிதாக ஆண்களுக்கும் வரும். மனைவி சொன்னால் தொலைக்காட்சியை நிப்பாட்டிவிட்டுக் கேளுங்கள். வழி சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கூடப் போங்கள்.

இந்தச் சித்திரைப் புத்தாண்டிலே கைவிசேஷம் கொடுப்போம், வீடு வீடாகப் போவோம். அப்படிப் போகிற வீட்டிலே ஒருத்தி மெதுவாக “அக்கா, எனக்கு ஒரு யோசனை” என்று தொடங்கினால், “யோசியாதை” என்று கதையை முடிக்காதேங்கோ. “சொல்லு பிள்ளை” என்று பக்கத்திலே இருங்கோ.

எல்லாருக்கும் சுகமான புத்தாண்டாக அமையட்டும்.