97 பாகையில் கொதிக்கும் நீர்

(வண்டிப்பெரியாற்றில் மாணவரும் அலுவலரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்று வினவினால், நீங்கள் தயங்காமல் 100 செல்சியசு என்பீர்கள். கடற்கரையில் அது சரி. கடல் மட்டத்திற்கு மேல் 800 மீட்டரைக் கடந்த உயரத்திலுள்ள இவ்வூரில், கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 97 பாகையை ஒட்டியே அது நின்றுவிடும். எத்தனை விறகு எரித்தாலும் ஏறாது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் தாழ்கிறது. மலையில் பருப்பு வேக நேரமாகிறது என்று உங்கள் அன்னையர் சொல்வது இதனால்தான். கம்பத்திலுள்ள உறவினரை இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அங்கே ஒரு பாகையேனும் கூடுதலாக இருக்கும்.

மலைப்பள்ளி ஒன்றில் இச்சோதனையைச் செய்த மாணவி, 97 என எழுதியதை அழித்து 100 என்று திருத்தினாள். ஏனம்மா என்றேன். "மதிப்பெண் போய்விடுமே, ஐயா" என்றாள். தன் கண்ணை நம்பாதே என்று அவளுக்கு யாரோ கற்பித்திருக்கிறோம். அந்த 'யாரோ'வில் நானும் அடக்கம்.

தேயிலைக்கு வருவோம். பச்சைக் கொழுந்தைக் கசக்கி வையுங்கள். சிறிது நேரத்தில் பழுப்பேறும். மற்றொரு கொழுந்தை ஆவியில் காட்டிவிட்டுக் கசக்குங்கள். பெரிதும் பச்சையாகவே இருக்கும். இலையிலுள்ள நொதி வெப்பத்தால் செயலிழந்துவிட்டது. கறுப்புத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதில் அடங்கும். இதை நொதித்தல் என்பது தொழிற்சாலை வழக்கு; உண்மையில் இது காற்றிலுள்ள உயிர்வளியோடு சேரும் வினை. வடித்த தேநீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நிறம் வெளுக்கும். சமையல் சோடாவை இட்டால் கருக்கும். ஏன் என்று நான் இப்போது சொல்லப்போவதில்லை.

இது எட்டாத கனவன்று. மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிசோர் பாரதியும் ரசூலியா நண்பர்கள் ஊரக மையமும் செய்து கற்கும் அறிவியலைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனை ஏற்று நடத்தியது. மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து சோதனை செய்தனர். தேர்விலும் செய்முறை உண்டு. நூலைத் திறந்து பார்க்கவும் அனுமதி உண்டு. 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது.

அலுவலர்கள் இதில் கவனிக்க வேண்டியது தேர்வுமுறையே. கருவிப் பெட்டிகளை வாங்கிவிடலாம். அவற்றுக்கு நிதி ஒதுக்கீடும் கிடைக்கும். ஆனால் 97 என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் தரும் விடைக்குறிப்பு இல்லாதவரை, பெட்டி அலமாரியிலேயே பூட்டிக் கிடக்கும்.

மேசையில் அடுப்பும் வெப்பமானியும் உள்ளன. ஆசிரியர் ஒருவர் அருகில் நிற்க, மாணவர் நால்வர் முன்வருக. பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.