மே மாதத்து மழைநீர்



சென்னையில் கத்திரி வெயில் காய்கிற மே மாதம். மழை பெய்து பல வாரம் ஆகியிருக்கும். அந்தச் சமயத்தில் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமோ சேத்துப்பட்டுப் பக்கமோ கூவத்தின் மேல் ஒரு பாலத்தில் நின்று கரையைப் பாருங்கள். கரைச் சுவரில் அங்கங்கே சதுரமாகவும் வட்டமாகவும் திறப்புகள் தெரியும். அவை மழைநீர் வடிகால்களின் வாய்கள். தெருவில் விழுகிற மழையை ஆற்றில் கொண்டுவந்து சேர்க்கக் கட்டியவை. மழை இல்லாத நாளில் அவை காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் பல வாய்களில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். கறுத்த தண்ணீர், மேலே சோப்பு நுரை. காலை வேளையில் கொஞ்சம் வேகமாகவே கொட்டும். ஊர் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவுகிற நேரம் அல்லவா?

இந்தத் தண்ணீருக்கு யார் பொறுப்பு? கொட்டுகிற வடிகால் சென்னை மாநகராட்சிக்குச் சொந்தம். உள்ளே வருவது கழிவுநீர், அது மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் குடிநீர் வாரியத்தின் வேலை. அது போய் விழுகிற ஆறு நீர்வளத் துறையுடையது. 2021 வரை அந்தத் துறை பொதுப்பணித் துறைக்குள் இருந்தது, பிறகு தனித் துறையாயிற்று. கரையில் வீடு கட்டிக்கொண்டவர்களின் விவகாரம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு, அதாவது பழைய குடிசை மாற்று வாரியத்துக்கு. தண்ணீரைச் சோதித்து எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இன்னும் மேலே போனால் ஆவடி மாநகராட்சி, திருவேற்காடு நகராட்சி, அதற்கும் மேலே ஊராட்சிகள். கூட்டுப் பட்டாவில் கிடக்கிற நிலம் மாதிரிதான் கூவம். பங்காளிகள் எல்லாரும் இருக்கிறார்கள், வேலி கட்ட மட்டும் ஆள் கிடைப்பதில்லை.

1978 வரை இவ்வளவு பிரிவினை இல்லை. குடிநீர், பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால் மூன்றும் மாநகராட்சியிடமே இருந்தன. அந்த ஆண்டு தனிச் சட்டம் போட்டுக் குடிநீருக்கும் கழிவுநீருக்குமாக ஒரு வாரியம் அமைத்தார்கள். நினைப்பு நல்ல நினைப்புதான். தண்ணீர் வேலைக்குத் தனியாகப் பொறியாளர்களும் தனியாக வரவு செலவும் இருந்தால் நல்லதுதானே? ஆனால் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமே தங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரே தெருவுக்கு அடியில் இரண்டு குழாய், இரண்டு துறை. தார்ச் சாலையை முதலில் ஒருவர் வெட்டுவார், மூடி ஆறு மாதம் ஆனதும் மற்றவர் வெட்டுவார். அதை நாம் நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பார்த்து வருகிறோம்.

சரி, ஒரு குழாயில் போக வேண்டியது இன்னொன்றுக்குள் எப்படிப் போகிறது? சிலர் திருட்டு இணைப்பு கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் பள்ளம் தோண்டி, வீட்டுக் கழிவுக் குழாயை வடிகாலில் சொருகி, மேலே சிமென்ட் பூசினால் வேலை முடிந்தது. இணைப்புக் கட்டணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். வேறு சில இடங்களில் பாதாள சாக்கடையே கிடையாது. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து ஒரேயடியாக 426 ஆனது. புதிதாகச் சேர்ந்த இடங்களில் பலவற்றில் வீடுகள் இருந்தன, சாக்கடைக் குழாய் இல்லை. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி வரும். அந்த லாரி எங்கே போய்த் திறந்துவிடுகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியும், ஆற்றுக்கும் தெரியும்.

மூன்றாவது வழியை அதிகாரிகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. சென்னை தட்டையான ஊர். கழிவுநீர் தானாக ஓடிப் போகாது, வழிநெடுக உந்து நிலையங்களில் மோட்டார் வைத்து ஏற்றித்தான் சுத்திகரிப்பு நிலையம் வரை தள்ள வேண்டும். மோட்டார் நின்றாலோ குழாய் அடைத்துக்கொண்டாலோ கழிவுநீர் ஆளிறங்கு குழியின் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வரும். பக்கத்திலேயே மாநகராட்சியின் வடிகால் வாய் பிளந்து கிடக்கிறது. அதற்குள் இறங்கிவிட்டால் தெரு காய்ந்துவிடும், புகாரும் நின்றுவிடும். சத்தமில்லாமல் கூவத்துக்கு ஒரு பங்கு போய்ச் சேரும்.

இதைக் கண்டு நீங்கள் 1913-க்கு போன் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அது மாநகராட்சியின் புகார் எண். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, “வடிகால் எங்களுதுதான் சார், உள்ளே போறது சாக்கடைத் தண்ணி, மெட்ரோ வாட்டருக்குச் சொல்லுங்க” என்பார்கள். மெட்ரோ வாட்டர்காரர் வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். “எங்க லைன் சரியாத்தான் இருக்கு, யாரோ வடிகால்ல கனெக்‌ஷன் குடுத்திருக்காங்க, அதைத் துண்டிக்க வேண்டியது கார்ப்பரேஷன்” என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அதுதான் இதில் உள்ள வில்லங்கம். பொய் சொல்கிற அதிகாரியைப் பிடித்துவிடலாம். தன் எல்லைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உண்மையைச் சொல்கிறவரை என்ன செய்வது?

இதற்கு நடுவே ஒன்று சொல்ல வேண்டும். கூவத்தை எல்லாரும் பிறவிச் சாக்கடை என்று நினைக்கிறார்கள். ஏறக்குறைய 72 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு அது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து, திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளின் உபரி நீரையும் வாங்கிக்கொண்டு வருகிறது. 1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்ற இடம் தேடியபோது தேர்ந்தெடுத்தது இந்த ஆற்றின் வளைவைத்தான். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. இன்றைக்கும் மேல்பகுதியில் மழைக்காலத்தில் தெளிந்த தண்ணீர் வரும். ஆனால் அது நகரத்துக்குள் வருவதற்கு முன்பே நாம் கைவைத்துவிடுகிறோம். கேசவரத்தில் கொசஸ்தலைத் தண்ணீர் பூண்டி ஏரிக்குப் போகிறது. கீழே கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்துத் தண்ணீரை மறித்து, கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறோம். இரண்டும் குடிநீர் ஏரிகள். நல்ல தண்ணீரை மேலே எடுத்துக் குடித்துவிட்டு, குடித்ததைக் கீழே ஆற்றில் விடுகிறோம். எடுப்பதும் அரசுத் துறை, விடுவதும் அரசுத் துறை. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அடித்துக்கொண்டு போக நல்ல தண்ணீர் இல்லாததால் கழிவு நின்று நாறுகிறது. போதாக்குறைக்கு நேப்பியர் பாலத்தருகே முகத்துவாரத்தைக் கடல் மணல் அடைத்துக்கொள்கிறது.

சுத்தம் செய்ய முயலாமல் இல்லை. 1970-களின் தொடக்கத்தில், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, தூர் வாரி, கரை கட்டி, படகுகூட விட்டார்கள். படகுத் துறைகள் எல்லாம் கட்டினார்கள். படகு வந்ததே தவிர சாக்கடை நிற்கவில்லை. பிறகு படகுதான் நின்றது.

இப்போது நடக்கிற முயற்சி வேறு விதமானது. அடையாறு பூங்காவுக்காக 2006-இல் ஏற்பட்ட ஓர் அறக்கட்டளையை 2010-இல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாற்றி, எல்லா நீர்வழிகளுக்கும் பொறுப்பாக்கினார்கள். கூவத்துக்கு என்று சுமார் 605 கோடி ரூபாயில் திட்டம் வந்தது. திட்டம் தீட்டுவது, பணம் பிரிப்பது, கேட்டு வாங்குவது அறக்கட்டளையின் வேலை. மண்வெட்டி பிடிப்பது அவரவர் துறை. குடிநீர் வாரியம் கழிவுநீரை மறித்துத் திருப்ப வேண்டும், நீர்வளத் துறை தூர் வார வேண்டும், மாநகராட்சி குப்பையை அள்ளி வேலி போட்டு நடைபாதை அமைக்க வேண்டும், வாழ்விட வாரியம் கரையிலுள்ள 14,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும்.

இதில் எந்த வேலை முந்திக்கொண்டது தெரியுமா? குடும்பங்களை அப்புறப்படுத்தியதுதான். பெரும்பகுதியினர் பெரும்பாக்கம் மாதிரி தொலைவிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். வீட்டு வேலைக்கும் மார்க்கெட் வேலைக்கும் நகரத்துக்குள் வர அவர்களுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆற்றங்கரையில் இருந்தபோது வெள்ளம் வந்தால் அவர்கள்தான் முதலில் மூழ்கினார்கள் என்பது உண்மை, நகர்த்தியதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் குடிசைகள் போய்விட்டன, வடிகால் வாய்களில் கறுப்புத் தண்ணீர் அப்படியே கொட்டுகிறது. கூவத்தை நாறடித்தது குடிசைகள் அல்ல, குழாய் இணைப்புள்ள பெரிய ஊர் என்பது இப்போதாவது தெரிந்திருக்க வேண்டும். பல துறைகள் பங்கு போட்டுக்கொள்ளும் வேலையில், எதிர்த்துப் பேச ஆள் இல்லாத பகுதியே முதலில் முடியும். இது என் அபிப்பிராயம். யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்ளத் தயார்.

துறைகள் பலவாக இருந்தால் ஆறு சுத்தமாகவே ஆகாதா? அப்படியும் இல்லை. சிங்கப்பூர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டியார்கள் வட்டிக் கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடுகிற ஆறு. 1970-களில் அதுவும் நாறிக்கொண்டுதான் கிடந்தது. மேலே பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும், கரையில் தெருவோர உணவுக் கடைகள், ஆற்றுக்குள் நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகள். 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்தார். பத்தாண்டில் இந்த ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். அங்கும் வீட்டு வசதி வாரியம், துறைமுகம், நகரச் சீரமைப்பு, கால்நடை என்று ஏகப்பட்ட துறைகள். ஆனால் யார் முடிக்கவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளர் லீ எக் தியெங். 1983-இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987-இல் வேலை முடிந்து, முன்னின்ற பத்துப் பேருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அங்கும் பிழைப்பை இழந்த படகுக்காரர்கள் உண்டு, அந்த அரசை எதிர்த்து அவர்களால் பெரிதாக ஒன்றும் பேச முடியவில்லை. அதையெல்லாம் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. தேதியும், அந்தத் தேதிக்குப் பதில் சொல்ல ஓர் ஆளும் இருந்ததைத்தான் சொல்கிறேன்.

நம் அறக்கட்டளைக்குக் கேட்கிற அதிகாரம் இருக்கிறது, கேட்டது வராவிட்டால் என்ன செய்யும்? கடிதம் எழுதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தோல் தொழிற்சாலையை மூடலாம், குடிநீர் வாரியத்தை எப்படி மூடும்? 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றையும் காக்கத் தவறியதாகச் சொல்லித் தமிழக அரசு 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுகிற தண்டத்தால் எந்த உதவிப் பொறியாளருக்கும் ராத்திரித் தூக்கம் கெடாது.

எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம். கரையில் உள்ள ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் ஓர் எண்ணைப் பெயின்டில் எழுதுங்கள். கீழே பொறுப்பு அதிகாரியின் பதவியை எழுதுங்கள். ஒன்றுக்கு ஒருவர்தான், இரண்டு துறைக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். மழையில்லாத நாளில் அந்த வாயில் தண்ணீர் வந்தால் அந்த நீரின் அளவுக்கு மெட்ரோ வாட்டர் மாநகராட்சிக்குக் காசு கட்டட்டும். இதில் மெட்ரோ வாட்டருக்கும் லாபம் உண்டு. கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் தயாரிக்கும் ஆலையை அவர்களே நடத்துகிறார்கள். அந்தத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு விலைக்குப் போகிறது. விற்கக்கூடிய சரக்கைத்தான் ஆற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

பங்காளிகளின் எண்ணிக்கை இதற்குள் கூடியும் விட்டது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை கூவத்தை ஒட்டிப் போகும் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆற்றுக்குள் தூண் வந்தால் நீரோட்டம் தடைபடும் என்று 2012-இல் பொதுப்பணித் துறை வேலையை நிறுத்தியது. பாதி எழும்பிய தூண்கள் பல ஆண்டுகள் ஆற்றில் மொட்டையாக நின்றன. 2022-இல் ஈரடுக்குச் சாலையாக அது மறுபடி உயிர் பெற்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மாநில அரசு, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகம், அப்புறம் இந்தியக் கடற்படை. ஆம், கூவத்தில் கடற்படைக்கும் ஒரு பங்கு வந்தாயிற்று!

ஆற்றுக்குள் தூண் எழுப்ப, மண்ணைக் கொட்டிப் பாதை போட்டுத்தான் இயந்திரங்களை இறக்க முடியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன் அந்த மண்ணை அள்ள வேண்டியவர் நெடுஞ்சாலை ஆணையத்தின் ஒப்பந்ததாரர். அள்ளியாயிற்றா என்று பார்க்க வேண்டியது நீர்வளத் துறை. அள்ளாமல் விட்டுத் தெருவில் தண்ணீர் ஏறினால் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியது மாநகராட்சி, இறைத்த தண்ணீரை விட வேண்டிய இடமும் அதே கூவம்.