அடைக்கலமும் பெயர்ப்பட்டியலும்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இந்த மண்டபத்துக்கு வந்திருப்பவர்களுக்கும், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கும் என் அன்பு.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது 'சரண்' என்ற சொல். தோற்ற படை ஆயுதத்தைக் கீழே வைத்தால் உள்நாட்டுப் போர் முடிந்துவிடும் என்று சொல்கிறார்கள். எப்போது முடிகிறது, யாருக்கு முடிகிறது என்பதுதான் என் கேள்வி.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலையில் 'தழிஞ்சி' என்றொரு துறை உண்டு. தோற்று முதுகு காட்டுபவர் மேல் வாளை ஓங்காத மறப்பண்பு அது. சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். கோவலன் கொல்லப்பட்டான், கண்ணகியும் போய்விட்டாள் என்றபோது, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் இறங்குகிறாள். கொலை செய்தது அவள் அல்ல. ஆனாலும் பொறுப்பு தன்னுடையது என்று அந்த இடைச்சிக்குத் தெரிந்திருக்கிறது. அடைக்கலம் கொடுப்பவரை விட, அதை ஏற்பவரையே அந்தச் சொல் கட்டிப்போடுகிறது.

இதே கட்டுப்பாட்டை வரலாற்றில் பார்க்க அமெரிக்காவுக்குப் போகலாம். 1865 ஏப்ரல் 9, அப்போமாட்டொக்ஸ் என்ற சிற்றூர். தென்மாநிலப் படைத் தளபதி லீ, வடபடைத் தளபதி கிராண்டிடம் சரணடைகிறார். கிராண்ட் எழுதிய நிபந்தனைகளில் முதலில் வருவது பெயர்ப்பட்டியல். சரணடையும் எல்லோருடைய பெயரும் இரண்டு படிகளாக எழுதப்பட வேண்டும். ஒன்று இவர்களிடம், மற்றது அவர்களிடம். பசித்திருந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்பப்பட்டது. 28,000க்கும் மேற்பட்டவர்கள் கையில் விடுவிப்புச் சீட்டோடு வீட்டுக்கு நடந்தார்கள். பிறகு லீ மீது தேசத்துரோக வழக்குத் தொடர முயன்றபோது, நான் கொடுத்த வாக்கை மீறினால் பதவி விலகுவேன் என்று நின்றவர் வென்ற தளபதி கிராண்ட்தான். அந்தப் பெருந்தன்மை விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நீதியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சரணடைந்தவன் எங்கே என்று அவன் தாய் தேட வேண்டியிருக்கவில்லை.

இனி நம் கதை. 2009 மே 17 அன்று துப்பாக்கிகளை மௌனிக்கச் செய்வதாகச் செல்வராசா பத்மநாதன் அறிவித்தார். மறுநாள், வெள்ளைக்கொடியோடு சென்றதாகச் சொல்லப்படும் நடேசனும் புலித்தேவனும் உயிரோடு இல்லை. அதே மே 18இல், வட்டுவாகல் பக்கம், மனைவிமாரும் தாய்மாரும் பார்த்துக்கொண்டிருக்கப் பலர் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களோடு நின்றவர் யாழ். பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். அவரும் திரும்பவில்லை. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தார்கள் என்று அரசு கணக்குச் சொல்கிறது. அப்படி வந்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. வராதவர்களின் கணக்கைத்தான் தாய்மார் கேட்கிறார்கள். 2019இல் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டபோது, இராணுவத்திடம் யாரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று பதில் வந்தது. மாதரி இப்படிப் பதில் சொல்லவில்லை.

இந்த அளவுகோலை எதிரிக்கு மட்டும் வைத்தால் அது அறம் ஆகாது. 1990 யூனில் கிழக்கில் பொலிஸ் நிலையங்களைக் கையளித்துச் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். 1986இல் டெலோ இளைஞர்களுக்கு நடந்ததும் நமக்குத் தெரியும். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். அடைக்கலத்தை நாமும் இழந்திருக்கிறோம் என்று சொல்லும் வாய்க்குத்தான், வட்டுவாகலைப் பற்றிக் கேட்கும்போது வலு இருக்கும்.

இந்த ஊரில் 1917இல், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காக ஒரு மருத்துவமனை கட்டினார்கள். திரும்பி வந்தவனுக்கு ஒரு கட்டிலும், கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெயரும் இருந்தன. நம் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல், கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் படங்களோடு அமர்ந்தார்கள். காத்திருந்தே பலர் இறந்துபோனார்கள்.

ஆகவே என் பதில் இதுதான். ஆயுதம் கீழே விழுந்த நாளில் சண்டை நின்றது. ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, இவர் இங்கே, இவருக்கு நடந்தது இது என்று சொல்லும் நாளில்தான் போர் முடியும். அதுவரை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், அன்று பாலத்தடியில் கையளிக்கப்பட்டவர்களின் பெயரை, வயதை, உடுத்திருந்த உடுப்பின் நிறத்தை எழுதி வையுங்கள். பட்டியலின் மற்றப் படி நம்மிடமாவது இருக்கட்டும்.