நெடுஞ்சாலையும் சமூக வாழ்வும்



'வழி' என்ற சொல் தமிழிலே பல பொருள் தருவது. கால் நடந்து செல்லும் பாதையும் வழி; ஒரு காரியத்தை ஆற்றும் முறையும் வழி; தலைமுறைத் தொடர்ச்சியும் வழி. 'வழிவழியாக' என்கிறோம். 'வாழ வழியில்லை' என்கிறோம். பாதையையும் பிழைப்பையும் ஒரே சொல்லாற் குறித்த சமுதாயம், ஒன்று அடைபட்டால் மற்றதும் அடைபடும் என்பதை அனுபவத்தால் உணர்ந்திருக்க வேண்டும். இன்றைய உரையில், நெடுஞ்சாலைகள் சமூக வாழ்விலே வகிக்கும் பங்கினை இலக்கியத்தோடும் நமது நாட்டு வரலாற்றோடும் இணைத்து நோக்க விரும்புகின்றேன்.

பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல் என்றால் வழிப்படுத்தல். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனுக்கு வழி சொல்வதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் அமைப்பு. பெரும்பாணாற்றுப்படையிலே உப்பு வணிகரின் வண்டிகள் செல்கின்றன. கழுதைகள் மிளகுப் பொதி சுமக்கின்றன. சுங்கம் கொள்வோர் வழியைக் காக்கின்றனர். வணிகமும் வரியும் காவலும் அன்றே பெருவழியோடு பிணைந்திருந்தமை இதனாற் புலனாகின்றது.

மலைபடுகடாத்திலே வரும் ஓர் அறிவுரை எனக்கு மிகவும் பிடித்தமானது. வழிகள் கூடும் சந்தியிலே, பின்னால் வரப்போகும் புதியவர்கள் திகைக்காதிருக்க, நிலத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான் வழிகாட்டும் கூத்தன். வழி என்பது முன்னே செல்பவனுக்கு மாத்திரம் உரியதன்று. பின்னே வருபவனுக்கும் உரியது. தமிழகத்தின் தருமபுரிப் பகுதியிலே கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்லொன்றில் 'அதியமான் பெருவழி' என்ற பெயரும் 29 காதம் என்ற தூரமும் பொறிக்கப்பட்டுள்ளன. அத்தூரத்தையே குழிகளாகவும் குடைந்து காட்டியிருக்கின்றார்கள். எழுத்தறியாத வழிப்போக்கனும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம் என்பர். புல் முடிச்சின் அதே மனம் இந்தக் கல்லிலும் இருக்கிறது.

இனி, நமது நாட்டுக்கு வருவோம். கொழும்பு–கண்டி வீதியை ஆங்கிலேயர் 1820இல் அமைக்கத் தொடங்கினர். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய அவர்களை 1817–18 கிளர்ச்சி கலங்கச் செய்திருந்தது. எனவே படை விரைந்து செல்லவே முதலில் வீதி வேண்டப்பட்டது. ஆளுநர் சேர் எட்வேட் பார்ன்ஸ் அதனை முனைந்து நடத்தினார். கடுகண்ணாவையிலே பாறையைக் குடைந்தனர். வீதியமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருக்கு 1832இல் எழுந்த நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரிற் கல்லுடைத்த குடியானவர்களுக்கோ கோபுரம் இல்லை.

படைக்கென வந்த வீதியிலே பின்னர் கோப்பி வந்தது. மாட்டுவண்டிகள் மலையிலிருந்து கோப்பியை இறக்கின. நாட்டின் பொருளாதாரமே உருமாறிற்று. ஆயினும் வீதியின் பாரம் யார் தலையில் விழுந்தது? 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டப்படி, 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும். அல்லது பணம் செலுத்த வேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

இன்னொரு வழியும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் காடுகளினூடே மாத்தளைக்கு நடந்த வழி அது. வாந்திபேதியும் காய்ச்சலும் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டுபோயின. அவர்களுக்கு முன்னே சென்று புல் முடிந்து வைத்தவர் எவருமில்லை. மலையகத்தின் செழிப்பை வியப்போர் அந்தப் பாதையையும் நினைத்தல் வேண்டும்.

நேயர்களே, நெடுஞ்சாலையின் பெறுமதியை அது மூடப்பட்டபோது அறிந்தவர்கள் வடபுலத்து மக்கள். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியிலே, 1990இல் போர் மீண்டும் மூண்டபின் ஆனையிறவினூடான போக்குவரத்து நின்றது. கிளாலிக் கடனீரேரியை இரவிலே வள்ளங்களிற் கடந்தார்கள். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அருமையான பண்டங்களாயின. யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பள்ளிக் கொப்பித் தாளிலே, கோடுகளின் மேலே அச்சாகி வந்தமை பலருக்கு நினைவிருக்கும். நோயாளி வைத்தியரிடம் போவது, மாணவன் பல்கலைக்கழகம் போவது, பிள்ளை பெற்றோரின் முகம் பார்ப்பது ஆகிய யாவும் அனுமதிச் சீட்டுக்குள் அடங்கின.

2002 ஏப்ரலில் வீதி திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகள் இருந்தபோதிலும், முறிகண்டிப் பிள்ளையார் முன் பஸ்கள் மீண்டும் நின்றன; தேங்காய் உடைந்தது; கச்சான் விற்பவர்களுக்கு வருமானம் வந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி அடைபட்டது. யாழ்ப்பாணம் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருக்க நேர்ந்தது. போர் முடிந்த பின்னரே வீதி நிலையாகத் திறந்தது.

இன்று அது கறுத்துப் பளபளக்கும் காப்பெற் வீதி. யாழ்ப்பாணத்தார் மாலையில் பஸ் ஏறி விடியற்காலையிற் கொழும்பில் இறங்குகின்றனர். வடக்கின் மீனும் மரக்கறியும் தெற்கின் சந்தைக்குப் போகின்றன. அதே வீதியால் வெளியூர்ப் பொருள்களும் தவணைக் கடன் நிறுவனங்களும் வந்தன. உள்ளூர்க் கைத்தொழிலாளி அவற்றோடு போட்டியிட முடியாது தவிக்கிறான். மாடு படுத்துறங்கும் வீதியிலே வாகனங்கள் பறக்கின்றன, உயிர்கள் போகின்றன. திறந்த கதவால் நன்மை மட்டுமே நுழைவதில்லை.

தெற்கிலே கொட்டாவையிலிருந்து காலி வரை 2011இல் நாட்டின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை திறந்தது. பின்னர் மாத்தறைக்கும் அம்பாந்தோட்டைக்கும் நீண்டது. பயணநேரம் வெகுவாகக் குறைந்தமை பெரும் பயனே. ஆயினும் பாதசாரிக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் முச்சக்கர வண்டிக்கும் அதில் இடமில்லை. பழைய வீதியில் ஊர்தோறும் பயணி இறங்கித் தேநீர் குடித்தான், இளநீர் வாங்கினான். புதிய வீதியோ ஊர்களைக் கடந்து செல்கிறதேயன்றி ஊர்களுக்குட் செல்வதில்லை.

இதனால் அதிவேக வீதி வேண்டாம் என்பது எனது கருத்தன்று. வீதி அடைபட்டுக் கிடந்த மக்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது வேறு. ஒரு நெடுஞ்சாலை திறக்கப்படும்போது கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்கிறோம். அந்தச் சாலையோரக் கிராமத்துச் சிறுமி பாடசாலைக்குப் பயமின்றிக் குறுக்கே கடக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். மழைக்காலத்திலே உள்ளூர் ஒழுங்கையின் சேற்றைத் தாண்டிக் கர்ப்பிணிப் பெண் அந்தப் பெருந்தெருவை அடைவாளா என்றும் கேட்க வேண்டும். ஒழுங்கை சீராகாத ஊருக்கு நெடுஞ்சாலை வேடிக்கை பார்க்கும் பொருளே.

கப்டன் டோசனின் கோபுரம் கட்டியவரைச் சொல்கிறது. புல் முடிச்சோ பின்னால் வருபவரை நினைக்கிறது. இரண்டும் வீதியின் வரலாறுதான். ஆனால் எந்த வீதியையும் மதிப்பிட, கோபுரத்தை விடப் புல் முடிச்சே எமக்கு நல்ல அளவுகோல். நமது பொறியியலாளரும் திட்டமிடுவோரும் அந்தக் கூத்தனின் சொல்லைக் காதில் வாங்குவார்களாக. நமது எழுத்தாளர்களும் வீதியிற் போனவர்களை மட்டுமன்றி, வீதியைப் போட்டவர்களையும் வீதியோரத்தில் நின்றவர்களையும் எழுதுவார்களாக.