விழித்திரைச் சிகிச்சையும் தொழுகையும்

(ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)

 

சென்ற ரமழானுக்குச் சற்று முன்பு நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். ஒரு கண்ணின் ஓரத்தில் திரை இறங்கியது போல் நிழல் தெரிவதாகவும், விழித்திரை பிரிந்துள்ளதால் உடனே அறுவைச் சிகிச்சை வேண்டும் என மருத்துவர் கூறியதாகவும் சொன்னார். "பல நாள் முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டுமாம் ஹஜ்ரத். ஜமாஅத்தும் தராவீஹும் தவறிவிடும். பெருநாள் கழியட்டும்" என்றார். அவருடைய பேணுதலை மெச்சினோமே தவிர, மார்க்கச் சட்டத்தை எடுத்துச் சொல்லவில்லை. அது நம் தவறு. இன்று அக்கண் வெளிச்சத்தை மட்டுமே அறிகிறது.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படிந்துள்ள மெல்லிய சவ்வு. அரபியில் 'ஷபகிய்யா', வலை போன்றது என்பர். அதில் கிழிசல் விழுந்து, அதன் வழியே நீர் புகுந்தால் சவ்வு சுவரைவிட்டுப் பிரிகிறது. பார்வையின் மையப்பகுதி பிரியுமுன் ஒட்டவைத்தால் பெரும்பாலும் பார்வை காக்கப்படும். மையமும் பிரிந்துவிட்டால், தாமதிக்கத் தாமதிக்க இழப்பு கூடும். கிழிசலை அடைத்தால் சவ்வு ஒட்டும் என்பதை ஸ்விட்சர்லாந்தின் ஜூல் கோனின் 1920களில் நிறுவினார். கண்ணின் உள்ளிருக்கும் கூழ்மத்தை அகற்றும் அறுவையை 1970இல் அமெரிக்காவில் ராபர்ட் மாக்கமர் தொடங்கினார். இன்று மதுரையிலும் சென்னையிலும் அது நடைபெறுகிறது. கூழ்மம் இருந்த இடத்தில் வாயுக் குமிழியை நிரப்புகின்றனர். குமிழி மேலெழும் இயல்புடையது. முகம் கவிழ்ந்திருந்தால் அது பின்சுவரை அழுத்திச் சவ்வை ஒட்டவைக்கும். கவிழ்ந்திருக்கச் சொல்வது இதற்காகவே.

இனி சட்டத்திற்கு வருவோம். கண் சிகிச்சைக்காகப் படுத்தே தொழலாமா என்பது புதிய கேள்வியன்று. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அத்தகைய சிகிச்சையை ஏற்கவில்லை என்ற செய்தி நூல்களில் உண்டு. ஆயினும் நம்பகமான மருத்துவர் கூறினால் படுத்துத் தொழலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சரியான கருத்து. ஹனஃபி நூல்களும் சைகையால் தொழ அனுமதிக்கின்றன. உறுப்பைக் காப்பதும் உயிரைக் காப்பது போன்றதே என்று காரணமும் கூறுகின்றன. மல்லாந்து படுப்பதைப் பற்றி அவை பேசுகின்றன. கவிழ்ந்திருப்பதற்கும் காரணம் ஒன்றே. ஆகவே தொழுகை தவறிவிடுவதில்லை, அதன் நிலைதான் மாறுகிறது. தராவீஹோ ஸுன்னத்து. முகத்தில் நீர் படக்கூடாதெனில் உளூவுக்கும் வழியுண்டு. நம்மிடம் தனியே கேட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல். அந்நோயால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து, பின் இரத்தமும் பெருகலாம். தொடக்கத்தில் பார்வையில் எக்குறையும் தெரியாது. எனவே ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்க. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இதற்குண்டு. கண்ணில் சுர்மா இடுவது நோன்பை முறிக்காது என்பதே இரு மத்ஹபிலும் உள்ளது. ஊசியும் நோன்பை முறிக்காது என்பதே இக்கால உலமாக்கள் பலரின் கருத்து. நோன்பைக் கூறி ஊசியின் தவணையைத் தள்ள வேண்டாம்.

உம்ராவுக்கு எண்ணியிருப்போரும் கேட்கட்டும். கண்ணில் வாயு இருக்கையில் விமானம் ஏறக்கூடாது. உயரே செல்லும்போது வாயு விரிந்து, கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வையே பறிபோகலாம். வாயு முழுதும் கரைந்துவிட்டது என மருத்துவர் சொன்ன பின்னரே டிக்கெட் எடுக்க வேண்டும்.